கியர் பாக்ஸ் போச்சுன்னு இறக்குறதுக்கு முன்னாடி: மேனுவல் கியர் ஆயில் பிரச்சனைகளை அறிகுறி வாரியா பாக்கலாம்

"கியர் சரியா விழ மாட்டேங்குது, பாக்ஸை இறக்கிப் பாத்தாதான் தெரியும்னு மெக்கானிக் சொல்லிட்டார்" - இப்படி சொல்லிட்டு வர்ற வண்டிங்கள நான் நிறைய பாத்துட்டேன், சொந்தக்காரங்க வண்டி, ஃபிரெண்ட்ஸ் வண்டி, என்னோட வண்டியே ரெண்டு தடவை. திரும்பத் திரும்ப ஒரே விஷயம்தான் வருது, உள்ள இருக்குற ஆயில் தப்பான ஆயில், இல்லன்னா அளவு கம்மி, இல்லன்னா பிரச்சனை கியர் பாக்ஸ்லயே இல்ல, கிளட்ச்ல இருக்கு. இந்த மூணையும் பாக்காம பாக்ஸை இறக்கிடாதீங்க. அதனால ஒவ்வொரு அறிகுறிக்கும் நான் எந்த வரிசைல பாப்பேனோ அதே வரிசைல எழுதுறேன், செலவில்லாதது முதல்ல, பெரிய செலவு கடைசில.

ஆரம்பிக்குறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வேலை. வண்டியோட ஓனர்ஸ் மேனுவல எடுத்து கியர் பாக்ஸுக்கு என்ன ஆயில் போட்டிருக்காங்கன்னு பாத்து ஒரு பேப்பர்ல எழுதிக்கோங்க. மூணு விஷயம் வேணும்: தடிமன் நம்பர் (75டபிள்யூ-90, 75டபிள்யூ-80 மாதிரி), ஏபிஐ தரம், அதாவது அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிடியூட் வச்ச தரக்குறி (ஜிஎல்-4 இல்லன்னா ஜிஎல்-5), எத்தனை லிட்டர். சில கம்பெனிங்க இதெல்லாம் எழுதாம அவங்க சொந்த எம்டிஎஃப் (மேனுவல் டிரான்ஸ்மிஷன் ஃப்ளூயிட், அதாவது மேனுவல் கியர் ஆயில்) பேரை மட்டும் எழுதியிருப்பாங்க, அப்போ அந்த பேரையே எழுதிக்கோங்க. இந்த பேப்பர் கைல இல்லாம கீழ இருக்குற எதையும் செய்யாதீங்க.

இன்னொன்னு, பானட்டைத் தொறந்தா தெரியுற சின்ன டப்பால இருக்குறது கியர் ஆயில் கிடையாது. அது பிரேக் ஃப்ளூயிட், ஹைட்ராலிக் கிளட்ச் இருக்குற நிறைய வண்டில கிளட்சுக்கும் அதே டப்பால இருந்துதான் போகும். "கியர் ஆயில் ஃபுல்லா இருக்கு, பாத்துட்டேன்"னு அந்த டப்பாவைக் காட்டுனவங்க உண்டு. கியர் ஆயில் பாக்ஸுக்குள்ள இருக்கு, பெரும்பாலான வண்டில அதுக்கு டிப் ஸ்டிக் கூட இருக்காது, அடில போய்தான் பாக்கணும்.

அறிகுறி 1: வண்டி குளிர்ந்திருக்கும்போது மட்டும் கியர் இறுக்கம், பத்து நிமிஷம் ஓடுனா சரியாயிடுது

காலைல முதல் தடவை எடுக்கும்போது, குறிப்பா ஒன்னுல இருந்து ரெண்டுக்குப் போகும்போது, லீவர் களிமண்ணுக்குள்ள போற மாதிரி இருக்கும். கொஞ்ச தூரம் ஓட்டி சூடானதும் வெண்ணெய் மாதிரி விழும். இந்த அறிகுறி ஆயிலைத்தான் கை காட்டுது, நான் முதல்ல வேற எங்கயும் தேட மாட்டேன்.

முதல்ல யோசிக்க வேண்டியது, உள்ள இருக்குறது தேவையை விட தடிமனான ஆயிலா? 75டபிள்யூ கேக்குற பாக்ஸ்ல 80டபிள்யூ-90 ஊத்தினா குளிர்ல இப்படித்தான் இருக்கும். டபிள்யூக்கு முன்னாடி இருக்குற நம்பர் குளிர்ல ஆயில் எவ்வளவு இளகி இருக்கும்னு சொல்றது, பின்னாடி இருக்குற நம்பர் சூட்டுல எவ்வளவு தடியா இருக்கும்னு சொல்றது; 75டபிள்யூ ஆயிலுக்கு டெஸ்ட் மைனஸ் 40 டிகிரில, 80டபிள்யூக்கு மைனஸ் 26ல, 85டபிள்யூக்கு மைனஸ் 12ல, அப்ப வித்தியாசம் எவ்வளவுன்னு பாத்துக்கோங்க. "நம்ம ஊர்ல ஐஸா கொட்டுது, எதுக்கு 75"னு கேக்காதீங்க, ஐஸ் வேணாம், சாதாரண காலை நேரத்துலயே தடி ஆயில் கியர் வீலைப் பிடிச்சு இழுக்கும், சிங்க்ரோ ரிங் (கியர் விழுறதுக்கு முன்னாடி வேகத்தை சமமாக்குற, பெரும்பாலும் பித்தளைல செஞ்ச வளையம்) அந்த இழுவையோட சண்டை போட்டுத்தான் கியரை விழ வைக்கணும். 140 ஆயில் ஊத்தியிருந்தா கேக்கவே வேணாம், அது கனரக ஆக்ஸிலுக்கானது, சத்தம் அடங்கும்னு சொல்லி கார் பாக்ஸ்ல ஊத்துறாங்க, தயவுசெஞ்சு விடாதீங்க.

ஆயில் சரியான கிரேடுதான்னு உறுதியா தெரிஞ்சா, எவ்வளவு நாள் ஆச்சுன்னு பாருங்க. லட்சம் கிலோமீட்டர் தாண்டி மாத்தாமயே இருந்தா மாத்திடுங்க. மேனுவல்ல மினரல் இல்லன்னா சிந்தெடிக்னு எதுவும் கட்டாயமா சொல்லலைன்னா, அதே கிரேடுல, அதே ஜிஎல் தரத்துல சிந்தெடிக் போட்டுப் பாருங்க, குளிர்ல இறுக்கம் குறையுறதை நீங்களே கைல உணரலாம்.

மாத்தியும் இறுக்கம் போகலைன்னா ஒரு டெஸ்ட். இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு எல்லா கியரையும் போட்டுப் பாருங்க. ஆஃப்லயே இறுக்கமா இருந்தா கியர் கேபிள், லிங்கேஜ், அதோட புஷ் காஞ்சு போயிருக்கு, கிரீஸ் வைக்கலாம் இல்ல கேபிள் மாத்தலாம், பாக்ஸைத் தொட வேணாம். இன்ஜின் ஓடும்போது மட்டும் இறுக்கம்னா அடுத்த அறிகுறிக்கு வாங்க, கிளட்ச்சை சந்தேகப்படணும்.

அறிகுறி 2: கியர் போடும்போது கர்ர்னு கடிக்குது

இங்கதான் ஜனங்க அதிகமா ஏமாறுறாங்க, ஏன்னா சத்தம் கியர் பாக்ஸ்ல இருந்து வருது, காரணம் வேற எங்கயோ இருக்கு. மூணா பிரிச்சுப் பாக்கலாம்.

*ரிவர்ஸ்ல மட்டும் கடிச்சா*

நிறைய பாக்ஸ்ல ரிவர்ஸுக்கு சிங்க்ரோ கிடையாது. வண்டி முழுசா நின்னப்புறம், கிளட்ச்சை முழுசா மிதிச்சு, ஒரு அஞ்சு செகண்ட் பொறுத்து ரிவர்ஸ் போடுங்க. சத்தமில்லாம விழுந்தா எந்தப் பிரச்சனையும் இல்ல, அவசரப்பட்டிருக்கீங்க அவ்வளவுதான். அஞ்சு செகண்ட் பொறுத்தும் கர்ர்னு கடிச்சா கிளட்ச் முழுசா பிரியல, உள்ள ஷாஃப்ட் இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு.

*எல்லா கியர்லயும் கடிச்சா*

இது கிளட்ச்தான்னு முதல்ல வச்சுக்கோங்க, ஆயில் அப்புறம். ஏன்னா அஞ்சு சிங்க்ரோவும் ஒரே நாள்ல தேயாது. முதல்ல கால் மிதியடி பெடலுக்கு அடில சுருண்டு கிடக்கான்னு பாருங்க, சிரிக்க வேணாம், ஒரு வண்டில இதுதான் காரணமா இருந்துச்சு, பெடல் கடைசி ரெண்டு விரக்கடை இறங்கவே இல்ல. அப்புறம் பானட்டுக்கு அடில ஃப்ளூயிட் லெவல். அப்புறம் கிளட்ச் பெடலை வேகமா மூணு நாலு தடவை அடிச்சுட்டு உடனே கியர் போடுங்க, அப்படி அடிச்சப்புறம் மட்டும் நல்லா விழுந்தா லைன்ல காத்து இருக்கு, இல்லன்னா மாஸ்டர் சிலிண்டர் (பெடல் பக்கம்), ஸ்லேவ் சிலிண்டர் (கியர் பாக்ஸ் பக்கம்) ரெண்டுல ஒன்னு கசியுது. கேபிள் கிளட்ச்சா இருந்தா அட்ஜஸ்ட்மென்ட். இதெல்லாம் சரி, ஆனாலும் கடிக்குதுன்னாதான் ஆயில் பக்கம் வரணும், அளவு எவ்வளவு இருக்கு, என்ன ஆயில்னு பாக்கணும். கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட் வரைக்கும் போற கட்டம் வந்தா மெக்கானிக்தான்.

*ஒரே ஒரு கியர்ல மட்டும் கடிச்சா*

ரெண்டாவது கியர், இல்ல மூணாவது. வேகமா மாத்தினா கடிக்கும், மெதுவா மாத்தினா கடிக்காது. அந்த கியரோட சிங்க்ரோ ரிங் தேய ஆரம்பிச்சிருக்கு, இல்லன்னா ஆயில் அந்த ரிங்கை வேலை செய்ய விடல. ரெண்டையும் பிரிக்க ஆயில் வரலாறு கேளுங்க, எப்போ மாத்தினாங்க, என்ன ஊத்தினாங்க. சமீபத்துல மாத்தியிருந்தா நேரா அறிகுறி 3க்குப் போங்க. பழைய ஆயில்னா சரியான கிரேடுல மாத்திட்டு ஒரு ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்க. அதுக்கப்புறமும் கடிச்சா ரிங் தேஞ்சிருக்கு, எந்த ஆயிலும் தேஞ்ச பித்தளையைத் திரும்ப வளர்த்துத் தராது. டபுள் கிளட்ச் போட்டு (கிளட்ச் மிதிச்சு நியூட்ரல், விட்டு, மறுபடி மிதிச்சு கியர்) கொஞ்ச நாள் ஓட்டலாம், ஆனா கடிக்கக் கடிக்க கியரோட பல்லு ஓரமும் போகும், அப்புறம் ரிங்கோட முடியாது.

அறிகுறி 3: ஆயில் மாத்தினதுக்கு அப்புறம்தான் ஆரம்பிச்சது

நான் இதைப் பத்திதான் ரொம்ப சொல்லணும்னு நினைக்குறேன், ஏன்னா நல்லா இருந்த வண்டியை நல்லது பண்றோம்னு நினைச்சு கெடுக்குற இடம் இது. ஒரு தடவை என் வண்டியை சர்வீஸுக்கு விட்டேன், நல்லா ஓடிட்டு இருந்த வண்டி, கியர் ஆயிலும் மாத்திடுங்கன்னு நானே சொன்னேன். ரெண்டு நாள்ல மூணாவது கியர் கடிக்க ஆரம்பிச்சது. போய் என்ன ஊத்தினீங்கன்னு கேட்டா, டிரம்மைக் காட்டுறாங்க, 80டபிள்யூ-90 ஜிஎல்-5. பின்னாடி ஆக்ஸிலுக்கு ஊத்துற அதே டிரம். எல்லா வண்டிக்கும் கியர் பாக்ஸுக்கும் ஆக்ஸிலுக்கும் அதே ஒரு டிரம்தான். வடிச்சுட்டு 75டபிள்யூ-90 ஜிஎல்-4 ஊத்தினேன், ஒரு வாரத்துல கடிக்குறது நின்னுடுச்சு. எனக்கு அதிர்ஷ்டம், சீக்கிரமே கண்டுபிடிச்சேன்.

ஏன் இப்படின்னு ரெண்டே வரில சொல்லிடுறேன். சிங்க்ரோ ரிங் ஒரு குட்டி பிரேக் மாதிரி, கியர் வீலை உரசிப் பிடிச்சு வேகத்தை சமமாக்கணும், அதுக்கு கொஞ்சம் உரசல் வேணும். ஜிஎல்-5ல பல்லு மேல பல்லு வழுக்கி அழுத்துற ஹைப்பாய்டு ஆக்ஸிலுக்காக கந்தகம் பாஸ்பரஸ் கலந்த மருந்து ஜிஎல்-4ஐ விட சுமார் ரெண்டு மடங்கு இருக்கும், அது ரிங்கை வழுக்க விட்டுடும், அதோட சூட்டுல அந்த கந்தகம் பித்தளை, வெண்கலத்தை மெல்ல மெல்ல அரிக்கவும் செய்யலாம். இப்போ வர்ற சில ஜிஎல்-5 ஆயில்ல பித்தளையை அரிக்காத மாதிரி செஞ்சிருக்காங்கதான், ஆனா வழுக்குற பிரச்சனை அதுல அப்படியே இருக்கு.

அப்போ எல்லா பாக்ஸுக்கும் ஜிஎல்-4தானான்னா, அதுவும் கிடையாது! சுபாரு மாதிரி வண்டில கியர் பாக்ஸும் முன்பக்க ஹைப்பாய்டு டிஃபரன்ஷியலும் (ரெண்டு பக்க சக்கரத்துக்கும் சக்தியைப் பிரிச்சுக் குடுக்குற கியர் தொகுதி) ஒரே ஆயில்ல ஓடுது, அவங்க மேனுவல் பாக்ஸுக்கே ஜிஎல்-5தான் கேக்குறாங்க, அதுல ஜிஎல்-4 ஊத்தினா டிஃபரன்ஷியல் பல்லு போயிடும். பழைய ஹோண்டா மேனுவல் பாக்ஸ்ல 10டபிள்யூ-30 இன்ஜின் ஆயிலே ஊத்தச் சொல்லியிருந்தாங்க. போர்க்வார்னர் டி-5 பாக்ஸுக்கு ஏடிஎஃப், அதாவது ஆட்டோமேட்டிக் கியருக்கு ஊத்துற சிவப்பு ஆயில். 1959ல வந்த பழைய மினில இன்ஜினும் கியர் பாக்ஸும் ஒரே ஆயில்ல குளிச்சுது. அதனாலதான் திரும்பத் திரும்ப சொல்றேன், அந்த பேப்பர்ல நீங்க எழுதி வச்சது மட்டும்தான் சட்டம். "எல்லா வண்டிக்கும் இதான் சார் ஊத்துறோம்"னு யாராவது சொன்னா அந்த இடத்துலயே நிறுத்திடுங்க.

பாட்டில் வாங்கும்போது லேபிள்ல பாக்க வேண்டியது:

"ஜிஎல்-4/ஜிஎல்-5"னு ரெண்டும் சேர்த்துப் போட்டிருந்தா அதுல மருந்து ஜிஎல்-5 அளவுக்குத்தான் இருக்கும்னு நினைச்சுக்கோங்க, மேனுவல் ஜிஎல்-4 கேட்டா அந்த பாட்டிலை வச்சுடுங்க. பின்பக்கம் சின்ன எழுத்துல "மேனுவல் டிரான்ஸ்மிஷனுக்கு, சிங்க்ரோ இருக்குற பாக்ஸுக்கு ஏத்தது"ன்னு தனியா எழுதியிருந்தா ஓரளவு யோசிக்கலாம், இருந்தாலும் சுத்தமா ஜிஎல்-4 கிடைக்கும்போது எனக்கு அது எதுக்கு. "ஜிஎல்-4 பிளஸ்"னு ஒன்னு வரும், அது ஏபிஐ வச்ச தரம் கிடையாது, கம்பெனி தானா வச்சுக்கிட்ட பேர். "எல்எஸ்"னு போட்டிருந்தா லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலுக்கான வழுக்கல் மருந்து கலந்தது, சிங்க்ரோவுக்கு எதிரி, சாதாரண கியர் பாக்ஸ்ல ஊத்தவே கூடாது. எம்டி-1னு இருந்தா அது சிங்க்ரோ இல்லாத பெரிய லாரி பாக்ஸுக்கு. தடிமன் நம்பரைப் பாத்து பயப்படவும் வேணாம், "இன்ஜின் ஆயிலே 40தான், இது 90 ஆச்சே, ரெண்டு மடங்கு தடியா"ன்னு கேக்குறாங்க, கியர் ஆயில் நம்பர் வேற அளவுகோல், சூடானப்புறம் 75டபிள்யூ-90 கியர் ஆயிலும் 10டபிள்யூ-40 இன்ஜின் ஆயிலும் கிட்டத்தட்ட ஒரே தடிமன்தான். அதுக்காக ஒன்னுக்கு பதிலா இன்னொன்னை ஊத்திடாதீங்க, உள்ள இருக்குற மருந்து வேற.

கலரை வச்சு ஆயிலை முடிவு பண்ணாதீங்க. ஏடிஎஃப் வழக்கமா சிவப்பு, அது சரி, ஆனா மத்த ஆயிலுக்கு கம்பெனிக்கு கம்பெனி கலர் மாறும்.

ஆயில் சரியானதுதான், மாத்தினதுல இருந்து சத்தம் மட்டும் அதிகம்னா அளவு கம்மியா ஊத்தியிருக்காங்க, இல்லன்னா மேனுவல் கேட்டதை விட இளகின ஆயில். கீழ சொட்டுதுன்னா அதிகமா ஊத்தியிருக்காங்க, இல்ல பழைய வாஷரையே திரும்பப் போட்டிருக்காங்க. எதுவா இருந்தாலும் பிளக்கைத் தொறந்து அளவு பாக்குறதுதான் முதல் வேலை, கடைசில எழுதியிருக்கேன். தப்பான ஆயில்தான்னு உறுதியா தெரிஞ்சா "கொஞ்ச நாள் ஓட்டிட்டு மாத்திக்கலாம்"னு தள்ளிப் போடாதீங்க. வடிச்சுட்டு ஊத்தினாலும் உள்ள மூலை முடுக்குல கொஞ்சம் பழசு தங்கும், அதனால நான் சரியான ஆயிலை ஊத்தி சில நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு இன்னொரு தடவை மாத்துவேன், ரெண்டு லிட்டர் ஆயில் செலவு ஒரு சிங்க்ரோ வேலை முன்னாடி ஒன்னுமே இல்ல.

அறிகுறி 4: குளிர்ல நல்லா இருக்கு, சூடானதும் மோசமாகுது

முதல் அறிகுறிக்கு நேர் எதிர். ஹைவேல ஒரு மணி நேரம் ஓட்டினப்புறம் கியர் கரடுமுரடா விழுது, இல்ல ஊ-ன்னு சத்தம் கூடுது. அளவு கம்மியா இருக்கலாம், முதல்ல அதைப் பாருங்க. ஆயில் தேவைக்கு மேல இளகலா இருக்கலாம், 75டபிள்யூ-90 கேட்ட பாக்ஸ்ல 75டபிள்யூ-80 ஊத்தியிருந்தா இப்படி வரும். டிராஃபிக்ல மட்டும் இப்படின்னா சூட்டுல கிளட்ச் ஹைட்ராலிக் பிரச்சனை பண்ணுது, பழைய பிரேக் ஃப்ளூயிட் ஈரத்தை இழுத்து வச்சிருக்கும், அதை மாத்திப் பாருங்க. கருகின நாத்தம் வந்தா அது கிளட்ச் பிளேட், கியர் ஆயில்னு நினைச்சு பாக்ஸை நோண்டாதீங்க.

அறிகுறி 5: சத்தம் மட்டும் வருது, கியர் எல்லாம் நல்லாத்தான் விழுது

எப்போ வருதுன்னு கேட்டாலே பாதி பதில் கிடைச்சுடும். வண்டி நின்னபடி, இன்ஜின் ஓடுது, நியூட்ரல், கிளட்ச்ல கால் இல்ல. இப்போ சத்தம் வருது, கிளட்ச் மிதிச்சா நிக்குதுன்னா பாக்ஸோட இன்புட் ஷாஃப்ட் பேரிங். (ஐடில்ல லேசா கடகடன்னு வர்ற ஆட்டம் சில பாக்ஸுக்கு இயல்பு, இளகின ஆயில் ஊத்தினா அது இன்னும் கேக்கும்.) தலைகீழா, கிளட்ச் மிதிச்சாதான் சத்தம் வருதுன்னா கிளட்ச்சோட ரிலீஸ் பேரிங், அதுக்கும் கியர் ஆயிலுக்கும் சம்பந்தமே இல்ல.

ஓடும்போது ஒரே ஒரு கியர்ல மட்டும் ஊளை வந்தா அந்த கியர் பல்லு இல்ல அதோட பேரிங். எந்த கியர்ல இருந்தாலும், நியூட்ரல்ல உருட்டினாலும், வேகத்துக்கு ஏத்த மாதிரி சத்தம் ஏறி இறங்குனா வீல் பேரிங், டயர், டிஃபரன்ஷியல் இதுல ஒன்னு. வளைவுல திரும்பும்போது சத்தம் மாறுனா வீல் பேரிங்கை முதல்ல பிடிங்க.

எதுவா இருந்தாலும் ஆயில் அளவை ஒரு தடவை பாத்துடுங்க. கம்மியா இருந்து, நிரப்பினதும் சத்தம் குறைஞ்சா ஆயில் எங்க போச்சுன்னு தேடணும். நிரப்பியும் ஊளை அப்படியே இருந்தா பேரிங் ஏற்கெனவே அடி வாங்கிடுச்சு, மெக்கானிக்கிட்ட போங்க, தள்ளிப் போட்டா பேரிங்கோட முடியாம ஷாஃப்ட், கேஸிங் வரைக்கும் போகும். சத்தத்தை அமுக்க தடி ஆயில் ஊத்துறது, பாட்டில்ல விக்கிற மருந்து ஊத்துறது எல்லாம் வேணாம், நோய் உள்ள வளந்துட்டேதான் இருக்கும்.

அறிகுறி 6: நிறுத்தின இடத்துல ஆயில் சொட்டு

முதல்ல அது கியர் ஆயில்தானான்னு பாருங்க. விரல்ல தொட்டு மோந்து பாத்தா அழுகின முட்டை, பூண்டு மாதிரி ஒரு காட்டமான நாத்தம் வரும், கந்தக மருந்து இருக்குற ஆயிலுக்கு அந்த நாத்தம் தனியா தெரியும். இன்ஜின் ஆயில் அப்படி நாறாது.

பிளக்கை சுத்தி ஈரமா இருந்தா வாஷர் மாத்துங்க, ரொம்ப சுலபம். பாக்ஸுக்கு மேல இருக்குற பிரீதர், அதாவது காத்து போற சின்ன மூடி, சேறு அடைச்சு மூடியிருந்தா உள்ள சூட்டுல அழுத்தம் ஏறி நல்ல சீல் வழியாவே ஆயிலைத் தள்ளும், சீல் மாத்துறதுக்கு முன்னாடி இதை சுத்தம் பண்ணிப் பாருங்க, நிறைய பேர் இதை மறந்துடுறாங்க. முன்சக்கர வண்டில ஆக்ஸில் ஷாஃப்ட் பாக்ஸுக்குள்ள நுழையுற இடத்துல ஈரம்னா அந்த ஆக்ஸில் சீல், பாக்ஸை இறக்காம மாத்தலாம், சுமாரான செலவு. இன்ஜினும் பாக்ஸும் சேர்ற இடத்துல அடில இருந்து சொட்டினா ரெண்டு வாய்ப்பு, இன்ஜின் பின்பக்க ஆயில் சீல், இல்ல பாக்ஸோட இன்புட் சீல், நாத்தத்தை வச்சு பிரிங்க. ரெண்டுக்குமே பாக்ஸ் இறங்கணும், அப்போ கிளட்ச்சும் சேர்த்து பாத்துடச் சொல்லுங்க, ரெண்டு தடவை இறக்குற கூலி மிச்சம்.

அறிகுறி 7: வடிச்ச ஆயில் பால் காப்பி மாதிரி இருக்கு, இல்ல மின்னுது

பால் கலர்னா தண்ணி கலந்திருக்கு. தேங்கின தண்ணில ஓட்டும்போது சூடான பாக்ஸ் சட்டுனு குளிர்ந்து பிரீதர் வழியா, சீல் வழியா தண்ணியை உள்ள இழுத்துக்கும். வெள்ளத்துல மாட்டின வண்டின்னா அறிகுறி வரட்டும்னு காத்திருக்காதீங்க, உடனே வடிச்சுப் பாருங்க. புது ஆயில் ஊத்தி கொஞ்ச தூரம் ஓட்டி மறுபடி வடிங்க, கலர் தெளியுற வரைக்கும். பேரிங்ல துரு ஏறிட்டா கதை முடிஞ்சது, அதனால ஒரு நாள் கூட தாமதிக்காதீங்க.

டிரெயின் பிளக்ல நிறைய வண்டில காந்தம் இருக்கும். அதுல பல் பேஸ்ட் மாதிரி சாம்பல் நிற மசி ஒட்டியிருந்தா பயப்படாதீங்க, இயல்பான தேய்மானம். ஆயில்ல தங்கத்தூள் மாதிரி மின்னினா அது பித்தளை, சிங்க்ரோ தேயுது, என்ன ஆயில் ஊத்தியிருந்தாங்கன்னு அப்பவே விசாரிங்க. நகத்துல தட்டுப்படுற அளவு இரும்புச் சில்லு, உடைஞ்ச பல்லுத்துண்டு கிடைச்சா புது ஆயில் ஊத்தி ஓட்டிப் பாக்கலாம்னு யோசிக்காதீங்க, வண்டியை அங்கயே நிறுத்திட்டு மெக்கானிக்கை வரச் சொல்லுங்க, அந்தத் துண்டையும் ஒரு துணில சுத்தி அவருக்குக் காட்ட எடுத்து வைங்க.

அறிகுறி 8: போட்ட கியர் தானா கழண்டு நியூட்ரலுக்கு வருது

ஆயிலால வர்றது இல்ல, ஆயில் மாத்தி பணத்தை வீணாக்காதீங்க. இன்ஜின் மவுண்ட், கியர் பாக்ஸ் மவுண்ட் கிழிஞ்சிருக்கான்னு பாருங்க, கேபிள் அட்ஜஸ்ட்மென்ட் பாருங்க. அது ரெண்டும் சரின்னா உள்ள செலக்டர் ஃபோர்க், ஸ்பிரிங், கியர் பல்லு தேஞ்சிருக்கு, பாக்ஸை இறக்கித்தான் ஆகணும். இறக்கத்துல இன்ஜின் பிரேக்கை நம்பி வரும்போது கியர் கழண்டா ஆபத்து, அதனால ரொம்ப நாள் ஓட்டாதீங்க.

அளவு பாக்குறது, மாத்துறது

கொஞ்சம் ஓட்டி ஆயில் வெதுவெதுன்னு ஆனப்புறம் பண்ணுங்க, கொதிக்கக் கொதிக்க வேணாம், சைலன்ஸர் பைப் பக்கத்துலயே இருக்கும். வண்டி நாலு பக்கமும் சமமா நிக்கணும், முன்னாடி மட்டும் தூக்கி வச்சா அளவு தப்பா காட்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடில போகவே போகாதீங்க, ஸ்டாண்ட் வைங்க, இல்லன்னா லிஃப்ட் இருக்குற இடத்துக்குப் போங்க.

முக்கியமானது, ஃபில்லர் பிளக்கை முதல்ல தொறங்க! டிரெயினைத் தொறந்து எல்லா ஆயிலையும் வடிச்சுட்டு, அப்புறம் மேல் பிளக் துரு பிடிச்சு தொறக்க வரலைன்னா வண்டி அங்கயே படுத்துடும். ஃபில்லர் தொறந்ததும் சுண்டு விரலை உள்ள விட்டுப் பாருங்க, ஓட்டையோட கீழ் விளிம்புக்கு ஆயில் தட்டுப்பட்டா அளவு சரி. சில வண்டில ஃபில்லர்னு தனியா இருக்காது, ரிவர்ஸ் லைட் சுவிட்ச் ஓட்டை, ஸ்பீடோமீட்டர் ஓட்டை வழியா ஊத்தணும், அங்கல்லாம் வழியுற வரைக்கும் ஊத்துற கணக்கு வேலைக்கு ஆகாது, மேனுவல்ல சொன்ன லிட்டரை அளந்துதான் ஊத்தணும். கார் பாக்ஸ் பெரும்பாலும் ஒன்றரைல இருந்து மூணு லிட்டருக்குள்ள பிடிக்கும். வடிஞ்ச பழைய ஆயிலையும் அளந்துக்கோங்க, ரெண்டு லிட்டர் பிடிக்குற பாக்ஸ்ல இருந்து ஒன்னேகால்தான் வந்துச்சுன்னா எங்கயோ கசிவு இருக்கு, இல்ல முன்னாடி ஊத்தினவங்க ஏமாத்தியிருக்காங்க.

நாலு சக்கர டிரைவ் வண்டின்னா டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்ஸிலுக்கு சக்தியைப் பிரிக்குற பெட்டி) ஆயில் தனி, ஆக்ஸில் ஆயில் தனி, ஒவ்வொன்னுக்கும் என்ன கிரேடுன்னு தனித்தனியா பாருங்க. ஏஎம்டி (கிளட்ச் பெடல் இல்லாம கியரை தானா மாத்துற) வண்டியும் உள்ள மேனுவல் பாக்ஸ்தான், ஆனா கியரை மாத்திக் குடுக்க ஹைட்ராலிக் ஆக்சுவேட்டர் வச்ச ஏஎம்டில அதுக்கு தனி ஆயில், அதை வீட்டுல நோண்ட வேணாம், கம்ப்யூட்டர் வச்சு செட் பண்ற வேலை அதுல இருக்கு.

கேஸிங் அலுமினியம், பிளக்கை வெறி கொண்டு முறுக்கினா மரை போயிடும், டார்க் ரெஞ்ச் இருந்தா மேனுவல் சொல்ற அளவுக்கு, புது வாஷரோட. பழைய ஆயிலை மண்ணுல, சாக்கடைல ஊத்தாதீங்க, கேன்ல பிடிச்சு பழைய ஆயில் எடுக்குற இடத்துல குடுங்க. என்ன ஆயில், எத்தனை லிட்டர், எந்த கிலோமீட்டர்ல ஊத்தினீங்கன்னு ஒரு ஸ்டிக்கர்ல எழுதி பானட்டுக்கு அடில ஒட்டுங்க, அடுத்து தொடுறவர் டிரம்மைத் தேட மாட்டார். பிளக்கை சுத்தி துணியால நல்லா துடைச்சு விட்டுட்டு மறுநாள் காலைல ஒரு தடவை, ஒரு வாரம் கழிச்சு ஒரு தடவை அடில டார்ச் அடிச்சுப் பாருங்க, துடைச்ச இடம் ஈரமா இருந்தா வண்டியை எடுக்காம அந்த வாஷரை மறுபடி பாருங்க.